ஜிம் ஓடிப்போன ஆற்றங்கரை

கல்லூரியில் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ பாடமாக இருந்த காலத்திலிருந்தே மார்க் ட்வைன் வளர்ந்த ஊரைப் பார்க்க ஆசை. சிகாகோ பக்கம் குடிவந்த பிறகும் அது தள்ளிக்கொண்டே போனது. தூரம் என்றும் சொல்ல முடியாது, ஏறக்குறைய 300 மைல்தான். ஐ-55 நெடுஞ்சாலையில் தெற்கே ஸ்பிரிங்ஃபீல்டு வரை போய், ஐ-72-ல் மேற்கே திரும்பினால் போதும். அந்தச் சாலை இலினாய் மாநிலத்தின் சோள வயல்களைக் கடந்து, மிசிசிப்பிப் பாலம் ஏறி, அக்கரையில் இருக்கும் ஹானிபலில் கொண்டுவிடும். சுமார் 17,000 பேர் வாழும் மிசௌரி மாநிலத்துச் சின்ன ஊர்.

ஆர்வி என்ற வீட்டு வண்டியை எடுக்கலாம் என்ற யோசனை அம்மாவால் வந்தது. கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். முழங்கால் வலி. நீண்ட கார்ப் பயணம் என்றாலே அவருக்கு இரண்டு கவலை: வழியில் கழிப்பறை எங்கே, சாப்பாட்டுக்கு என்ன செய்வது. இந்த இரண்டு கவலையாலேயே வீட்டுக்குள் முடங்கிவிடும் பெற்றோர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். பிள்ளைகள் நயாகரா, நியூயார்க் என்று கூட்டிப்போவார்கள். அவர்களோ வழி முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வாயைக் கட்டிக்கொண்டு வருவார்கள். சமையலறையும் கழிப்பறையும் கூடவே வந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை.

நாங்கள் வாடகைக்கு எடுத்தது 25 அடி நீள வண்டி. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் ஒரு படுக்கை, நடுவில் மேசையை மடக்கினால் இன்னொன்று. சாதாரண ஓட்டுநர் உரிமமே போதும். ஆனால் காரைப் போல் ஓட்ட முடியாது. பின் சக்கரங்களுக்குப் பிறகு உடல் வெகு நீளமாக நீண்டிருப்பதால், வலப்பக்கம் திரும்பும்போது வால்பகுதி இடப்பக்கம் வெளியே வீசும். பெட்ரோல் பங்கில் தூணை ஒட்டி நிறுத்தினால் கிளம்பும்போது அந்த வால்தான் இடிக்கும். இலினாயின் சமவெளியில் பக்கக்காற்று வேறு. பெரிய லாரி தாண்டும்போது வண்டி ஒரு முறை ஒதுங்கிக் கொடுக்கும். கணவர் மணிக்கு 60 மைலுக்கு மேல் போகவே இல்லை. அதற்கே கேலனுக்கு 9 மைல்தான் கிடைத்தது. வாடகையோடு, ஓடிய மைலுக்குத் தனி, ஜெனரேட்டர் ஓடிய மணிக்குத் தனி என்று கணக்கு உண்டு. எடுக்கும் முன்பே அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சமையலைப் பற்றிக் கேட்பீர்கள். கேஸ் அடுப்பு இருக்கிறது, குழம்பு ரசம் எல்லாம் வைக்கலாம். தாளிக்கும்போது கூரையில் இருக்கும் விசிறியைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் புகை எச்சரிக்கை மணி அலறும். வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப் கிரவுண்டில் மின் இணைப்பு பெரும்பாலும் 30 ஆம்ப். ஏசி, மைக்ரோவேவ், மின்சாரக் குக்கர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் தாங்காது. அம்மா முதல் வேளையிலேயே இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, “மாப்பிள்ளை, சோறு ஆகிற வரைக்கும் ஏசியை நிறுத்தி வைங்களேன்” என்று உத்தரவு போடத் தொடங்கிவிட்டார்.

கழிவுநீர்தான் பலரைப் பயமுறுத்தும் விஷயம். பயப்பட ஒன்றுமில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் ஒரு தொட்டிக்குப் போகும், கழிப்பறை வேறொரு தொட்டிக்கு. கழிவை வெளியேற்றும் டம்ப் ஸ்டேஷனில் கையுறை போட்டுக்கொண்டு குழாயை மாட்டி, கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும். அது காலியான பிறகு மற்றதைத் திறந்தால் அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போய்விடும். பத்து நிமிட வேலை.

ஹானிபலில் தங்க நல்ல இடம் மார்க் ட்வைன் குகையை ஒட்டிய கேம்ப் கிரவுண்ட். ஊருக்குத் தெற்கே, 79ஆம் எண் சாலையில் ஒரு மைல் தூரத்தில், குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஆற்றோரமாக ரயில் பாதை போகிறது, சரக்கு ரயில்கள் இரவிலும் ஊதும். லேசாகத் தூங்குகிறவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம்.

குகை வண்டியிலிருந்து நடக்கிற தூரம்தான். ட்வைனின் ‘டாம் சாயர்’ கதையில் டாமும் பெக்கியும் வழி தவறிய குகை, இஞ்சன் ஜோ மாட்டிக்கொண்டு செத்த குகை இதுவே. 1819 குளிர்காலத்தில் ஜாக் சிம்ஸ் என்ற வேட்டைக்காரர் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். 1886 முதல் வழிகாட்டியோடு மக்களைக் கூட்டிப்போகிறார்கள். நாம் பார்த்துப் பழகிய குகைகள் போல் பெரிய மண்டபமோ தொங்கும் பாறைகளோ கிடையாது. அடுக்கடுக்கான சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் அரித்து உண்டாக்கிய நூற்றுக்கணக்கான குறுகிய சந்துகள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகும். எந்தச் சந்தும் அடுத்த சந்து மாதிரியே இருக்கிறது. இதற்குள் மெழுகுவத்தியோடு இரண்டு பிள்ளைகள் தொலைந்துபோனால் எப்படி இருந்திருக்கும் என்பது உள்ளே நின்று பார்த்தால்தான் உறைக்கிறது. பாதை சமதளம், படிகள் இல்லை. அதனால் அம்மாவும் முழுதாக நடந்து வந்தார். உள்ளே ஆண்டு முழுவதும் 11 டிகிரி செல்சியஸ்தான், ஸ்வெட்டர் அவசியம். சுவரெங்கும் பழைய கையெழுத்துகள், பல மெழுகுவத்திப் புகையால் எழுதியவை. சாம் கிளெமென்ஸ் என்ற சிறுவன் (ட்வைனின் இயற்பெயர் அது) எழுதிய ‘கிளெமென்ஸ்’ என்ற கையெழுத்தையும் 2019இல் இங்கே அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

குகைக்கு ஒரு காலத்தில் சொந்தக்காரராக இருந்தவர் செயின்ட் லூயிஸைச் சேர்ந்த டாக்டர் ஜோசப் மெக்டொவல். இறந்துபோன தன் மகளின் உடலைச் செப்பு உருளையில் சாராயம் ஊற்றி இங்கே தொங்கவிட்டிருந்தார் என்று ட்வைன் ‘லைஃப் ஆன் தி மிசிசிப்பி’யில் எழுதியிருக்கிறார். வழிகாட்டி அதைச் சொன்ன இடத்தில் என் மகள் என் கையைப் பிடித்தவள் வெளியே வரும் வரை விடவில்லை.

ஊருக்குள் போக வண்டியைக் கிளப்பத்தான் வேண்டியிருந்தது. வார நாள் காலை என்பதால் ஆற்றங்கரை வாகன நிறுத்தத்தில் ஓரமாக நீளவாக்கில் நிறுத்த இடம் கிடைத்தது. பிறகு எல்லாம் நடைதான். பழைய ஹானிபல் சின்னது. நாலு தெருவுக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

ட்வைன் பிறந்தது இங்கே அல்ல. 1835இல் ஃபுளோரிடா என்ற மிசௌரிக் கிராமத்தில் பிறந்து, நான்கு வயதில் 1839இல் குடும்பத்தோடு இங்கே வந்தார். 1853இல் பிழைப்புத் தேடிக் கிளம்பும் வரை இங்கேதான். அவர் வாழ்ந்த வீடு 1912 முதல் அருங்காட்சியகம். பக்கத்தில் டாம் தந்திரமாக நண்பர்களை வெள்ளையடிக்க வைத்த அந்தப் புகழ்பெற்ற வேலி, வாளியும் தூரிகையும் வைத்திருக்கிறார்கள். எதிரே பெக்கி தாட்சர் வீடு, உண்மையில் லாரா ஹாக்கின்ஸ் என்ற சிறுமியின் வீடு. அருங்காட்சியகத்தின் இன்னொரு கட்டடத்தில் நார்மன் ராக்வெல் டாம் சாயருக்கும் ஹக் ஃபின்னுக்கும் வரைந்த மூல ஓவியங்கள் இருக்கின்றன. அச்சில் பார்த்ததைவிட நேரில் அந்த வண்ணங்கள் எவ்வளவு கனமானவை! அங்கிருந்து நகர எனக்கு மனமில்லை.

ஊரே சாம் என்ற அந்தச் சிறுவனை வைத்துப் பிழைக்கிறது. உணவகம், கடை, பாலம், கலங்கரை விளக்கம் என்று எங்கு திரும்பினாலும் அவன் பெயர், அவன் கதைப் பாத்திரங்களின் பெயர். 1956 முதல் ஆண்டுதோறும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை டாம், பெக்கி என்று தேர்ந்தெடுத்து ஊரின் தூதர்களாக வைக்கிறார்கள். ஜூலை 4 வாக்கில் வேலிக்கு வெள்ளை அடிக்கும் போட்டி நடக்கிறது. என் மகளும் ஏழாம் வகுப்புதான், அந்தப் பிள்ளைகள் படிக்க வேண்டிய புத்தகம், சொல்ல வேண்டிய ஊர் வரலாறு பற்றிக் கேட்டு அசந்துவிட்டாள். ஒரு சின்ன ஊர் தன் பிள்ளைகளிடம் ஓர் எழுத்தாளரைத் தலைமுறை தலைமுறையாக ஒப்படைக்கிறது. இதில் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

கார்டிஃப் குன்றின் அடிவாரத்தில் டாம், ஹக் இருவரின் வெண்கலச் சிலை 1926 முதல் நிற்கிறது. மேலே 244 படி ஏறினால் ட்வைன் நூற்றாண்டு நினைவாக எழுந்த கலங்கரை விளக்கம். எந்தக் கப்பலுக்கும் வழிகாட்டக் கட்டியதல்ல, நினைவுச் சின்னம் மட்டுமே. நானும் மகளும் ஏறினோம். ஊரின் கூரைகளும் ஆற்றின் வளைவும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. அம்மா கீழே நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆற்றுக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “ஏம்மா, இவ்வளவு பெரிய ஆறு, ஒரு படித்துறைகூட இல்லையா?”

படித்துறை இல்லை, சரிவு உண்டு. நீராவிப் படகுகள் முன்பக்கத்தைக் கரையில் ஏற்றி நிறுத்தி மூட்டை இறக்கிய சரிவான துறை. ஊரின் வாழ்வே ஒரு காலத்தில் அந்தச் சரிவில் நடந்தது. இன்று ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே வெள்ளத் தடுப்புச் சுவர் இருக்கிறது. தெரு ஆற்றைத் தொடும் இடங்களில் சுவரில் வாசல் விட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஏறும்போது அந்த வாசல்களைப் பலகை செருகி அடைத்துவிடுவார்கள். இங்கே ஆற்றின் அளவுகோலில் 16 அடி என்றால் வெள்ளம். 1993 ஜூலையில் அது ஏறக்குறைய 32 அடிக்கு ஏறியது. சுவர் அதற்குச் சற்று முன்புதான் கட்டி முடிந்திருந்தது. பழைய ஊர், ட்வைன் வீடு உட்பட, அதனால் தப்பியது. அம்மா அந்த வாசல் தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். 1977இல் காவிரியில் வந்த வெள்ளத்தை இளம்பெண்ணாகப் பார்த்தவர். ஆறு ஊருக்குள் வருவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கரையில் உட்கார்ந்து பார்க்க அருமையான காட்சி பார்ஜ்கள். கூரை மூடிய பெட்டி மாதிரி தட்டையான படகுகள், மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து, ஆக 15 பார்ஜ்களை இரும்பு வடத்தால் ஒன்றாகக் கட்டி, பின்னாலிருந்து ஒரே ஒரு டோபோட் தள்ளிக்கொண்டு வரும். ஒரு பார்ஜில் சுமார் 1,500 டன் ஏற்றலாம். சோளமும் சோயாவும் இப்படித்தான் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்கு இறங்குகின்றன. ஹானிபலுக்குக் கீழே சில மைல்களில் சேவர்டன் அருகே 22ஆம் எண் அணையும் லாக்கும் இருக்கின்றன. லாக் என்பது இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, நீர்மட்டத்தை ஏற்றியோ இறக்கியோ அனுப்பும் தொட்டி. 1930களில் கட்டிய இதன் நீளம் 600 அடி. 15 பார்ஜ் கொண்ட கட்டோ அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். ஆகவே நடுவில் அவிழ்த்து முன்பாதியை முதலில் இறக்கி, பிறகு டோபோட்டோடு பின்பாதியை இறக்கி, மறுபடி கட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரம் போய்விடும். செயின்ட் லூயிஸுக்குக் கீழே போனால் கடல் வரை லாக்கே கிடையாது, அங்கே கட்டுகள் இதைவிடப் பெரிதாகும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஹானிபலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வேலியோடு படமெடுத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சுவரைத் தாண்டி ஆற்றுக்கு வருகிறவர் குறைவு. ஆனால் இந்த ஊரின் முழுக் கதையும் ஆற்றில்தான் இருக்கிறது, அதிலும் குறிப்பாக அந்த அக்கரையில்.

மிசௌரி 1821இல் அடிமைமுறை உள்ள மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது. அக்கரையான இலினாய் அடிமைமுறை இல்லாத மாநிலம். நடுவே இந்த ஆறு மட்டும். சாம் கிளெமென்ஸ் நீந்திக் களித்த அதே கரையில் மனிதர்களை வாங்கினார்கள், விற்றார்கள், வாடகைக்கு விட்டார்கள். அவன் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். 1841இல் இலினாயின் குவின்சியிலிருந்து மூன்று பேர் ஆற்றைக் கடந்து வந்து அடிமைகள் தப்ப உதவ முயன்று பிடிபட்டார்கள். பக்கத்து ஊரான பால்மைராவில் வழக்கு நடந்தது, ஆளுக்கு 12 ஆண்டு சிறை. அந்த நடுவர் குழுவில் சாமின் அப்பா ஜான் மார்ஷல் கிளெமென்ஸும் ஒருவர்.

1847இல் நடந்தது இன்னும் கொடுமை. ஹக் பாத்திரத்துக்கு மாதிரியாக இருந்த டாம் பிளாங்கன்ஷிப் கிளெமென்ஸ் வீட்டுக்குப் பின்னால் குடியிருந்த ஏழைக் குடும்பத்துப் பையன். அவனுடைய அண்ணன் பென்ஸ், தப்பி ஓடி எதிர்க்கரைச் சதுப்பில் ஒளிந்திருந்த ஓர் அடிமைக்குக் கோடைகாலத்தில் ரகசியமாகச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவந்தான். பிடித்துக் கொடுத்தால் 50 டாலர் பரிசு. அந்தக் குடும்பத்துக்கு அது மலை போன்ற பணம். காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் வேறு சிலர் மோப்பம் பிடித்துத் துரத்த, அந்த மனிதர் தண்ணீரில் போய்விட்டார். சில நாள் கழித்து அங்கே மீன் பிடிக்கப் போன சாமின் கண்முன்னேதான் அவர் உடல் மேலே வந்தது. பதினோரு வயதுப் பையன் அவன்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘ஹக்கிள்பெரி ஃபின்’ வேறு புத்தகம் ஆகிவிடுகிறது. தப்பி ஓடிய அடிமை ஜிம்மை ஜாக்சன் தீவில் ஹக் கண்டுபிடிக்கும் இடமும், அவனைக் காட்டிக் கொடுப்பதா வேண்டாமா என்று ஹக் தவிக்கும் இடமும் கற்பனையில் மட்டும் பிறந்தவையல்ல. ஜிம்முக்கு மாதிரி டேனியல் குவார்ல்ஸ் என்ற அடிமை. ட்வைனின் சித்தப்பா ஜான் குவார்ல்ஸின் பண்ணையில் இருந்தவர். கோடை விடுமுறைகளில் அவர் குடிசையில் கதை கேட்டு வளர்ந்ததை ட்வைன் தன்வரலாற்றில் நன்றியோடு நினைவுகூர்கிறார்.

ஊரின் வடக்குப் பக்கம், மூன்றாவது தெருவில் ஒரு சின்னக் கல் கட்டடம் இருக்கிறது. ‘ஜிம்ஸ் ஜர்னி’ என்ற கறுப்பின வரலாற்று அருங்காட்சியகம். இதே ஊரில் பிறந்து வளர்ந்த, அடிமைகளின் வழிவந்த ஃபே டான்ட் என்ற பெண்மணி 2013இல் தொடங்கியது. வேலிக்கு இருக்கும் கூட்டத்தில் கால்வாசியும் இங்கே இல்லை. டேனியல் குவார்ல்ஸின் கதையும், இந்த ஊரின் கறுப்பினக் குடும்பங்களின் புகைப்படங்களும், அவர்களுடைய பள்ளி, தேவாலயம், தொழில்கள், போருக்குப் போனவர்கள் பற்றிய நினைவுகளும் உள்ளே இருக்கின்றன. பல தலைமுறையாக ஒரே ஊரில் ஒரு கூட்டம் உழைத்திருக்க, ஊரின் நினைவில் அவர்களுக்கு இடமே இல்லாமல் போவது நமக்கும் தெரியாத கதை இல்லை. ஒருவர் முனைந்து ஓர் அறையைத் திறந்து புகைப்படங்களை மாட்டி வைத்தால்தான் அது மாறுகிறது.

மகள் அங்கேதான் அதிக நேரம் நின்றாள். “அப்போ ஜிம் ஏம்மா நேரா இந்த ஆத்தைத் தாண்டிப் போகல? அந்தப் பக்கம்தானே ஃப்ரீ?” என்று கேட்டாள். சரியான கேள்வி. இலினாய் போனாலும் அவனுக்குப் பாதுகாப்பு இல்லை. பரிசுப் பணத்துக்காக ஓடிவந்தவர்களைப் பிடிக்கிறவர்கள் அந்தக் கரையிலும் திரிந்தார்கள், பிடித்தால் திருப்பிக் கொடுக்கச் சட்டம் இருந்தது. அதனால்தான் கதையில் ஜிம்மும் ஹக்கும் தெற்கே கெய்ரோ என்ற ஊர் வரை மிதந்து, அங்கிருந்து ஒஹையோ ஆற்றில் ஏறிப் போகத் திட்டமிடுகிறார்கள். மூடுபனியில் கெய்ரோவைத் தவறவிட்டு, அடிமைமுறை இன்னும் கொடுமையான தெற்குக்குள் போய்ச் சேர்கிறார்கள். வண்டிக்குத் திரும்பி வரைபடத்தை மேசையில் விரித்து அவளுக்கு அந்த வழியைக் காட்டினேன். அம்மாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்று மாலை சாப்பாடு தாமதம்தான்.

ஆற்றில் ஒரு மணி நேரச் சுற்றுப் படகு ஒன்று ஓடுகிறது, மார்க் ட்வைன் ரிவர்போட். கட்டாயம் ஏறுங்கள். ஜாக்சன் தீவைக் காட்டுவார்கள். 1857இல் ட்வைன் படகோட்டப் பயிற்சிக்குச் சேர்ந்து, 1859இல் உரிமம் பெற்று, உள்நாட்டுப் போர் வந்து படகுகள் நிற்கும் வரை ஓட்டியது இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில். நடு ஆற்றிலிருந்து பார்த்தால் இரண்டு கரைக்கும் உள்ள தூரம் உடம்பில் உறைக்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மிசிசிப்பி வசந்தத்தில் பொங்கும், அப்போது ஆற்றங்கரைப் பக்கம் மூடிவிடும், படகும் ஓடாது. கேம்ப் கிரவுண்டில் முன்பதிவு செய்யும் முன் ஹானிபலின் ஆற்று மட்டத்தைத் தேசிய வானிலை மையத்தின் தளத்தில் பாருங்கள். ஜூலை 4 கொண்டாட்டத்தின்போது 25 அடி வண்டியோடு ஊருக்குள் வருவதைத் தவிர்த்துவிடுங்கள். ஊருக்கு மேலே இருக்கும் ரிவர்வியூ பூங்காவில் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் ட்வைன் சிலை இருக்கிறது, மாலையில் போகலாம். ஜிம்ஸ் ஜர்னி எல்லா நாளும் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம், முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அது திறந்திருக்கும் நாளை வைத்துப் பயணத்தை முடிவு செய்யுங்கள். போனதும் முதலில் அங்கே போங்கள், அதன் பிறகு வேலி, வீடு, குகை. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.